அடக்கப் பதிவுக்கு அடுத்த பக்கம்

போன மாதம் வித்யா ஃபோன் பண்ணினாள். பதினெட்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். நல்ல கெட்டிக்காரி. தெரியாததைக் கேட்க வெட்கப்படமாட்டாள்.

"அங்கிள், பிஸியா? ஒரு சின்ன டவுட்."

"சொல்லும்மா."

"புது சாஃப்ட்வேர் ஒரு ஆளை ரெட்ல காட்டுது அங்கிள். ரெண்டு வயசுல செத்துட்டான்னு பரியல் ரெக்கார்ட் இருக்கு. அதே பேர், அதே அப்பா அம்மா, இருபத்திமூணு வயசுல மேரேஜும் ஆகியிருக்கு. இது எரர், டிலீட் பண்ணவான்னு சிஸ்டம் கேக்குது. பண்ணிடட்டுமா?"

"பண்ணாதே" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. அவள் "ஓகே அங்கிள், ஓகே" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஏன் பண்ணக்கூடாது என்பதை அவளுக்கு ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன், அதுவரை அந்த ஆளைத் தொடாதே என்றேன். அதுதான் இது. வித்யாவுக்காக ஆரம்பித்தது. ஆனால் எழுத எழுத, நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதும் கொஞ்சம் இருந்தது தெரிந்தது.

என் பெயர் பிச்சைமுத்து. சாத்தூர்ப் பக்கம். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேரைப் போல நானும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன்தான். நாற்பத்தைந்து வயதில் கம்பெனி எங்கள் பிரிவையே மூடியது. கையில் கிரீன் கார்டு இருந்தது, வேலை இல்லை. ஆறு மாதம் காலையில் பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஓக் ட்ரீ ரோட்டில் கடை கடையாக நடந்துவிட்டு வருவேன். அப்படி ஒருநாள் ஒரு ஸ்வீட் கடை மாடியில் ஒரு போர்டைப் பார்த்தேன். முன்னோர்களைத் தேடித் தருகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே, ஆள் தேவை என்று ஒரு காகிதம். ஜோசியக் கடை என்று நினைத்துத்தான் படியேறினேன்.

ஜோசியம் இல்லை. முந்நூறு, முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிரான்சிலிருந்து கப்பலேறிக் கனடாவுக்குக் குடியேறப் போன விவசாயிகளும் சிப்பாய்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பிற்பாடு மில் வேலைக்காக அமெரிக்காவுக்கு இறங்கினார்கள். அவர்கள் வம்சம் இன்று நம் பக்கத்து வீட்டிலும் இருக்கும். தாத்தா பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. அந்த ஒரு பெயரை எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் மாதா கோயில் பதிவேடுகளைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மேலே ஏறி, கப்பலேறிய முதல் ஆள் யார், எந்த ஊரிலிருந்து கிளம்பினான் என்று எழுதிக் கொடுப்போம்.

அலுவலகத்தை நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கர். சண்டைக் காலத்தில் மான்ட்ரியாலுக்கு அகதியாகப் போய், பிரெஞ்சு படித்து, அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். கணவர் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தபோது, கற்ற வித்தையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். முதல் நாள் நான் மேடம் என்றேன். "மேடம் எண்டு கூப்பிடாதேங்கோ தம்பி, அக்கா எண்டாலே போதும்" என்றார். அதற்காக அவரிடம் உரிமை எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைத்துவிடக்கூடாது.

பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை அடுக்கிவைக்கிற கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் பதிவேடு வாசிக்கிற ஆளாகிவிட்டேன். பிரெஞ்சு முழுக்கத் தெரிந்தால்தான் வாசிக்கலாம் என்பதில்லை. பாதிரியார்கள் எழுதியதையேதான் எழுதுவார்கள்: நேற்றுப் பிறந்த பிள்ளை, இன்னாருக்கும் இன்னாருக்கும் முறையான மணத்தில் பிறந்தது, ஞானத்தகப்பன் இவர், ஞானத்தாய் இவர், கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார்கள். நூறு பக்கம் படித்தால் பழகிவிடும்.

பழகாதது பெயர்கள். ஆண் பிள்ளை என்றால் பெரும்பாலும் ஜோசெஃப், பெண் என்றால் மரி. அது சாமிக்காக வைத்தது. அடுத்து ஞானப்பெற்றோர் பெயர். கடைசியாக வருவதுதான் வீட்டில் கூப்பிட்டது. பெண்கள் பத்துப் பிள்ளை பெற்றாலும் செத்து அடக்கமாகும் வரை தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் எழுதப்படுவார்கள். என் மனைவிக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்புறம் பட்டப்பெயர். படையில் சேர்ந்த சிப்பாய்க்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நம் ஊர் போலீஸ் கேஸில் 'முருகன் என்கிற கட்டை முருகன்' என்று வருமே, அதே மாதிரி 'பெரோ என்கிற லஃப்ளர்' என்று எழுதுவார்கள். லஃப்ளர் என்றால் பூ. மூன்று தலைமுறையில் பெரோ உதிர்ந்து, லஃப்ளர் மட்டும் நிற்கும். பக்கத்து ஊரில் சம்பந்தமே இல்லாத இன்னொரு சிப்பாய்க்கும் அதே பட்டப்பெயர் இருந்திருக்கும். அவன் பேரன்களும் லஃப்ளர்தான்.

இந்தக் குழப்பத்தில் ஆள் மாறிப்போகாமல் இருக்க அக்கா ஒரு தாள் வைத்திருந்தார். செய்ய வேண்டிய சோதனைகள் பதினோரு வரியில். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள். செய்து முடித்த வரிக்கு எதிரே டிக் அடித்து, பக்கத்தில் நம் கையெழுத்துச் சுருக்கத்தைப் போட வேண்டும். நான் பி.எம். என்று போடுவேன். பென்சில் மட்டும். படத்தை அச்செடுத்து மேஜையில் வைத்து, வரிக்குக் கீழே மர ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஸ்க்ரீனில் வாசித்தால் கண் வரியைத் தாண்டிவிடும் என்பார். அவரும் அப்படித்தான் வாசிப்பார். பக்கத்தில் பனங்கட்டித் துண்டோடு பிளேன் டீ இருக்கும். ஒரு பக்கம் முடிந்தால்தான் ஒரு மிடறு.

நம் டிக்கை அவர் திரும்பச் சரிபார்க்கமாட்டார். அதுதான் அவர் குணத்தில் எனக்கு முதலில் புரியாதது. ஒருமுறை கேட்டேன், நான் தப்புப் பண்ணியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

"பிழை விட்டால் திருத்தலாம் தம்பி. வாசிக்காமல் டிக் அடிச்சால்தான் திருத்தேலாது. அது பொய். நீங்கள் பொய் சொல்லமாட்டியள் எண்டுதான் சம்பளம் தாறன்."

அந்தத் தாளின் ஏழாவது வரிக்கு வருகிறேன். ஒரு குழந்தையின் அடக்கப் பதிவைக் கண்டால் அதோடு நிறுத்தாமல், அந்தத் தாய்க்குப் பிள்ளை பிறக்கக்கூடிய காலம் முடியும் வரை எல்லா ஞானஸ்நானப் பதிவையும் வாசிக்க வேண்டும். முதல் மாதமே அக்கா காரணம் சொன்னார்.

"செத்த பிள்ளையின்ர பேரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பினம். அதுதான் அந்தச் சனத்தின்ர வழக்கம். ஆனபடியால் அடக்கத்தைக் கண்டவுடனே நிப்பாட்டாதேங்கோ. தாய் இன்னும் இருக்கிறா. தாய் இருக்குமட்டும் வாசிக்க வேணும்."

தலையாட்டினேன். நோட்டில்கூட எழுதிக்கொண்டேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதற்கு என் பெயர்க் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக நான். பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா எடுத்துக்கொண்டு போக, எங்கள் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து என்னைத் திரும்ப வாங்கியிருக்கிறாள். பிச்சை என்று பெயர் வைத்தார்கள். பிச்சைக்காரப் பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்று ஒரு கணக்கு. ஊரில் எனக்குப் பிச்சை. பள்ளிக்கூடத்தில் பிச்சைமுத்து. அமெரிக்காவில் பீட். அம்மா மட்டும் முத்து என்பாள். போய்ச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி அவள் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அவர்கள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் எனக்கு ஆகாது.

அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்றால், என் மனம் அதை நம்ப மறுத்தது. எந்தத் தாய் வைப்பாள்?

வேலையில் நாலாவது வருடம் வால்டர் ஃப்ளவர்ஸ் வந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டிய ஆள், உயரமானவர், குரல் ரொம்பத் தணிவு. அவர் அப்பா ஆர்மண்ட் சிறுவயதில் மாசசூசெட்ஸில் மில் வேலைக்குப் போனவர். லஃப்ளர் என்ற பெயரை அங்கே மேஸ்திரி ஃப்ளவர்ஸ் என்று எழுதிவிட்டார், அப்படியே நின்றுவிட்டது. இப்போது அப்பாவுக்குப் புற்றுநோய், நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. தன்னை எரித்துச் சாம்பலை, தங்கள் முதல் ஆள் எந்த ஊரிலிருந்து கப்பலேறினானோ அந்த ஊரில் கொண்டுபோய்விட வேண்டும்.

"அப்பா எதையும் கேட்கிறவர் இல்லை. இது ஒன்றைத்தான் கேட்டார். அவர் உயிரோடு இருக்கும்போதே ஊர்ப் பெயரைச் சொல்லிவிட முடியுமா?" என்றார் வால்டர். அவர் பேசியது ஆங்கிலம். நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

அக்கா அந்தக் கேஸை என்னிடம் கொடுத்தார். ஆறு தலைமுறை சுலபமாக ஏறினேன். ஏழாவதில் முட்டிக்கொண்டது. அங்கே ழான் பத்தீஸ்த் லஃப்ளர் என்று ஒருவர். அவருடைய இரண்டாவது கல்யாணப் பதிவு மட்டும் கிடைத்தது. முதல் கல்யாணம் என்றால் பாதிரியார் தாய் தகப்பன் பெயரை எழுதுவார். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால், செத்துப்போன மனைவியின் பெயரை எழுதுவதோடு சரி. 'மரி ஜோசெஃப் ரிவாரின் கணவராயிருந்த ழான் பத்தீஸ்த் லஃப்ளர்'. அவ்வளவுதான். முதல் கல்யாணம் நடந்த கோயில் எரிந்துபோனதில் புத்தகமும் போயிருந்தது.

அந்த வட்டாரத்தில் லஃப்ளர் குடும்பம் இரண்டு. ஒன்று பெரோ என்கிற லஃப்ளர். முதல் ஆள் பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் ஓர் உப்பள ஊர்க்காரன். இன்னொன்று கோத்தியே என்கிற லஃப்ளர். இவன் பிரான்சின் வடக்கே நார்மண்டியில் ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரன். இரண்டு வீட்டிலும் ஒரு வருட வித்தியாசத்தில் ஒரு ழான் பத்தீஸ்த் பிறந்திருந்தான். நம் ஆள் யார்?

பெரோ வீட்டார் ஊர்க் கோயில் புத்தகத்தைப் புரட்டினேன். பனிக்காலத்தில் ஓர் அடக்கப் பதிவு. 'ழான் பத்தீஸ்த், வயது ஏறக்குறைய இரண்டு, பெரோ என்கிற லஃப்ளரின் மகன்.' தகப்பன் கூட நின்றிருக்கிறான், கையெழுத்துத் தெரியாது. அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஸ்கேலை எடுத்துவிட்டேன். பெரோ வீட்டுப் பிள்ளை இரண்டு வயதில் போய்விட்டது, ஆகவே கல்யாணம் பண்ணிக்கொண்டவன் கோத்தியே வீட்டுப் பிள்ளை. கணக்கு நேராக இருந்தது. ஏழாவது வரியில் டிக் அடித்தேன். பி.எம். என்று போட்டேன். அடக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

வால்டரின் அப்பா சாகக் கிடந்தார், அவசரம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அவசரம்தான். ஆனால் அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கே நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கங்களை வாசிக்க நேரம் இருந்தது. அந்தப் பெயர் இன்னொரு முறை வராது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்த ஆற்றங்கரை ஊரின் பெயரை வால்டர் அப்பாவிடம் சொன்னார். கிழவர் கடைசி வாரம் முழுக்க அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு கிடந்தாராம். இரண்டு மாதம் கழித்து வால்டர் பிரான்சுக்குப் போய், அந்த ஊர் டவுன் ஹாலில் எழுதிக்கொடுத்து, ஆற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தார். எங்களுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினார். சின்ன ஆறு, கரையில் மரங்கள், தண்ணீர் தெளிவாக இருந்தது. அக்கா அதைச் சுவரில் ஒட்டிவைத்தார். காசியில் அஸ்தி கரைத்த மகனைப் பார்த்த மாதிரி எனக்கும் திருப்தியாக இருந்தது.

ஒன்றரை வருடம் போனது. வேறொருவருடைய குடும்பத்துக்காக அதே கோயில் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த அடக்கத்தைத் தாண்டி மூன்றாவது பக்கம். மர ஸ்கேல் ஒரு வரிக்குக் கீழே நின்றது. 'நேற்றுப் பிறந்த ழான் பத்தீஸ்த், பெரோ என்கிற லஃப்ளரின் மகன்.' அதே தகப்பன், அதே தாய். முதல் பிள்ளை அடக்கமாகி எட்டாவது மாதம்.

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பவும் வாசித்தேன். அப்புறம் அந்த வட்டாரத்து நோட்டரி எழுதிய கல்யாண ஒப்பந்தங்களைத் தேடினேன். கோயில் எரிந்தாலும் நோட்டரியின் பெட்டி எரியவில்லை. அதை நான் ஒன்றரை வருடத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்கலாம். ழான் பத்தீஸ்த், பெரோ என்கிற லஃப்ளரின் மகன், மணப்பெண் மரி ஜோசெஃப் ரிவார். ஐயத்துக்கு இடமே இல்லை. வால்டரின் முன்னோர் உப்பள ஊர்க்காரர்கள். அவர் அப்பாவை நான் யாரோ ஒருத்தர் ஊர் ஆற்றில் கரைக்க வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டு அச்சுப்படங்களையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் ஸ்கேலைப் பிடித்து இரண்டையும் வாசித்தார். எழுந்துபோய் பீரோவிலிருந்து பழைய தாளை எடுத்து வந்தார்.

"இந்த டிக் உங்கடையோ தம்பி?"

"ஆமாக்கா."

"வாசிச்சனீங்களோ?"

"இல்ல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வால்டரிட்டச் சொல்ல வேணும்" என்றார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கரைச்ச சாம்பல அள்ள முடியாது. அந்தப் பெரியவர் நிம்மதியாப் போயிட்டார். மகனும் கடமைய முடிச்சிட்டேன்னு இருக்கார். இப்பப் போய்ச் சொன்னா என்ன ஆகும்? அந்த மனுசன் தூக்கம் போறதுதான் மிச்சம்."

"தூக்கம் போகும்தான்."

"அப்புறம் எதுக்குக்கா?"

"அது அவர்ட தகப்பன். எங்கட இல்லை. எது தெரிய வேணும், எது தெரிய வேண்டாம் எண்டு தீர்மானிக்க நாங்கள் ஆர்?" இரண்டு அச்சுப்படங்களையும் ஓர் உறையில் போட்டார். "கடிதத்தில எழுதுற விஷயமில்லை இது. நேரில போவம். நீங்கள்தான் சொல்ல வேணும். நான் பக்கத்தில இருப்பன்."

சனிக்கிழமை காலையில் போனோம். நான் கார் ஓட்டினேன், பார்க்வேயில் ஒரு மணி நேரம். அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டோல் வந்தபோது ஒரு வார்த்தை, எக்ஸிட் வந்தபோது ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வால்டர் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். காபி கொடுத்தார். ஹால் சுவரில் நான் வரைந்து கொடுத்த வம்சப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பக்கத்தில் அந்த ஆறு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, ஒரு பக்கத்தைப் புரட்டாமல் புரட்டியதாக எழுதிவிட்டேன், உங்கள் ஆட்கள் அந்த ஊர் இல்லை என்றேன். புதுப் படங்களை மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

சுவரிலிருந்த ஃபோட்டோவைக் காட்டி, "அப்படியானால் அது யாருடைய ஆறு?" என்று கேட்டார்.

கோத்தியே என்ற இன்னொரு குடும்பத்துடையது என்றேன்.

"ஏன் நிறுத்தினாய்?"

என் பெயர்க் கதையைச் சொன்னேன். குப்பைமேடு, தவிடு, பிச்சை. செத்த பிள்ளை பெயரை எங்கள் வீட்டில் உச்சரிக்கவே மாட்டார்கள், அதனால் இன்னொரு பிள்ளைக்கு அதே பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். சாக்குச் சொல்வதற்காகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னேன். ஆனால் சொல்லும்போது அது சாக்கு மாதிரித்தான் என் காதிலேயே விழுந்தது.

"உனக்கு முன்னால் செத்த அந்த இரண்டு பேர், அவர்கள் பெயர் என்ன?"

"தெரியாது."

வால்டர் என்னைப் பார்த்தார். "ஊரார் வீட்டுச் செத்தவர்களை எல்லாம் தேடிக் கண்டுபிடிப்பது உன் தொழில்" என்றார். குரலை உயர்த்தவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது அக்கா ஒரே ஒரு தடவை பேசினார். "சொன்னீங்கள். அது காணும்." காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. அக்கா என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று இருந்தேன், அனுப்பவில்லை. அந்த ஆற்று ஃபோட்டோவை மட்டும் சுவரிலிருந்து எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டார். நான் ஓய்வு பெறும் வரை அது அங்கேதான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து வால்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்னக் கடிதம். 'என் அப்பா இப்போது அந்நியர்களோடு இருக்கிறார். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நீங்கள் நேரில் வந்து சொன்னீர்கள். சரியான வம்சப் படத்தை அனுப்புங்கள். அதில் இரண்டு வயதில் இறந்த ழான் பத்தீஸ்தையும் போடுங்கள். அவனை விட்டுவிட்டால் அடுத்தவன் யாரென்று புரியாது.' கையெழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. 'அந்த இரண்டு பெயர்கள் கிடைத்தனவா?'

அடுத்த டிசம்பரில் ஊருக்குப் போனேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கேட்க ஒருவரும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் பழைய பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்க்க மனுப் போட்டேன். நாலு நாள் அலைந்த பிறகு, ஒரு கிளார்க் துணியில் கட்டிய புத்தகங்களைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"யார் பேரு சார் தேடுறீங்க?"

"பேரு தெரியாது. அப்பா பேரு தெரியும்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். பையில் ஸ்கேல் வைத்திருந்தேன். வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டை வாசித்தேன். எங்கள் அப்பா பெயர் முதலில் வந்த இடத்தில், 'ஆண் குழந்தை, எட்டு நாள்' என்று இருந்தது. பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு. பெயர் வைக்கும் முன்னே போய்விட்டது. மேலும் வாசித்தேன். மூன்று வருடம் தள்ளி, அப்பா பெயர் மறுபடி வந்தது.

'முத்து. ஆண். வயது இரண்டு. காய்ச்சல்.'

நான் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அக்கா சொன்னது ஞாபகம் வந்து, நிறுத்தாமல், பிறப்புப் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கங்களை வாசித்தேன். பத்து மாதம் தள்ளி நான் இருந்தேன். 'ஆண் குழந்தை.'

எமனுக்குக் காட்டுவதற்குப் பிச்சை. அதற்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், செத்துப்போன அண்ணனின் பெயர். பிச்சைமுத்து என்று எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அதனால் நான் அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஊரெல்லாம் பிச்சை என்றபோது அம்மா மட்டும் ஏன் முத்து என்றாள் என்று கேட்டதில்லை. செல்லம் என்று நினைத்திருந்தேன். எந்தத் தாய் வைப்பாள் என்று கேட்டேனே, என் தாய்தான் வைத்திருக்கிறாள். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். கிளார்க் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வால்டருக்கு எழுதினேன். ஒன்றுக்குப் பெயர் இல்லை, ஒன்றுக்கு என் பெயர் என்று எழுதினேன். பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

வித்யா, சாஃப்ட்வேர் சிவப்பில் காட்டுவது தப்பு இல்லை. அங்கே ஓர் ஆள் இல்லை, இரண்டு பேர் இருக்கிறார்கள். அடக்கத்துக்கு அடுத்த பக்கத்தை எடுத்து, தாய் இருக்கும் வரை வாசி. இரண்டாவது பிள்ளை கிடைப்பான். கிடைத்ததும் முதல் பிள்ளையைத் தூக்கிவிடாதே. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வை. வாசித்த பிறகு டிக் அடி.